ஆம்ப் தூக்குகிறவர்

எங்கள் வீட்டில் கிட்டார் வாசிப்பது நான். அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியைத் தூக்குவது என் கணவர். கல்யாணமான புதிதில் யாரும் பேசி வைக்காமலே இப்படி ஆகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய பிளாட்டின் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். லிப்ட் உண்டு, ஆனால் அது ஓடுவதைவிட அதன் கதவில் பழுது என்று தொங்கும் ‘ரொசாக்’ அட்டைதான் அதிகம் உழைக்கிறது. ஆகவே சனிக்கிழமைகளில் நாங்கள் கிளம்பும்போது அவர் ஆம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவார். பின்னால் கிட்டாரும் கைப்பையுமாக நான் ஒய்யாரமாக இறங்குவேன். கீழ்வீட்டு ஆன்டி கதவைத் திறந்து, “மகாராணி கெளம்பிட்டாங்க” என்பார்.

மகாராணி போவது கல்யாண டின்னருக்கு வாசிக்க. காப்பார், கிளாங், ஜெஞ்சாரோம், செமினி என்று எங்கே ஒரு மண்டபம் இருக்கிறதோ அங்கே டின்னர் இருக்கும். டின்னர் இருந்தால் எங்களைப் போல ஓர் இசைக்குழு இருக்கும். வாரம் முழுக்க நான் ஒரு பல் கிளினிக்கின் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் பல்வலியைக் கேட்கிறவள். அவருக்குக் கிளாங் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் வேலை. ஷிப்ட் முறை என்பதால் வார நாட்களில் நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே சாப்பாட்டு மேசையில் மூடி வைத்த தட்டு மூலமாகத்தான். சனிக்கிழமைக் கார்ப் பயணத்தில்தான் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொள்வோம், சண்டையும் போடுவோம்.

ஆம்பைத் தூக்கி மேடையில் வைப்பதோடு அவர் வேலை முடியாது. நான் சவுண்டு பார்க்கும்போது மண்டபத்தின் கடைசியில், சாப்பாடு வைத்திருக்கும் மேசைகளுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். காதைக் கிள்ளினால், கீச்சென்று கேட்கிறது, கீச்சுத் தொனியைக் குறை என்று அர்த்தம். வயிற்றைத் தட்டினால் ஒலியில் சதை இல்லை, அடித்தொனியைக் கூட்டு. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் சத்தம் அதிகம். எல்லாம் சரியாகிவிட்டால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரியாணிப் பக்கம் திரும்பிவிடுவார். அந்த முதுகைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அந்த முதுகுதான் மக்கர் செய்தது. காப்பாரில் ஒரு டின்னருக்குப் போனபோது கார் டிக்கியிலிருந்து ஆம்பை இறக்கியவர், இறக்கிய நிலையிலேயே நின்றுவிட்டார். நிமிர முடியவில்லை. வேர்த்துக் கொட்டியது. நான் பயந்து போனேன், அவரோ “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று தரையைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் படம் காட்டி விளக்கினார். இன்னொரு தடவை இந்த மாதிரிப் பாரம் தூக்கினால் கால் மரத்துப்போகலாம், ஆபரேஷன் வரைக்கும் போகலாம் என்றார். என் கணவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வலி கொஞ்சம் குறைந்ததும் ஒரு நாள், நான் சமையலறையில் இருக்கிறேன் என்ற தைரியத்தில், ஆம்பின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு ஆன்டி மேலே ஏறி வந்துவிட்டார்.

வேறு ஆள் வைத்துத் தூக்கலாமே என்று கேட்பீர்கள். குழுவில் இருப்பவர்கள் அவரவர் சாமான்களோடு அவரவர் வீட்டிலிருந்து நேராக மண்டபத்துக்கு வருகிறவர்கள். நானே தூக்கலாமென்று ஒரு நாள் முயன்றேன். ஒரு படி இறங்கினேன், அடுத்த படியில் உட்கார்ந்துவிட்டேன். அது பழைய காலத்து வால்வு ஆம்ப். உள்ளே இரும்பு டிரான்ஸ்பார்மர், பெரிய ஸ்பீக்கர், அதைச் சுற்றி நல்ல பலகை. இந்த வீட்டில் இது இருக்கும் வரை இந்த மனிதர் சும்மா இருக்கமாட்டார் என்று எனக்குப் புரிந்தது.

அதனால்தான் அந்தச் சின்னப் பெட்டியை வாங்கினேன். ஆம்ப் மாடலர் என்பார்கள். பலவகை ஆம்புகள், அவற்றின் ஸ்பீக்கர்கள், எதிரொலிக் கருவிகள் எல்லாவற்றின் ஒலியையும் கணினி முறையில் போலச் செய்து காட்டும். கிட்டாரை ஒரு பக்கம் சொருகி, மறுபக்கத்திலிருந்து நேராக மண்டபத்தின் ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிடலாம். ஆம்பே வேண்டாம். மேலே ஒரு சின்னத் திரை, கீழே காலால் மிதிக்க நான்கு சுவிட்சுகள். என் கைப்பையிலேயே அடங்கிவிடும்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்ன, வைபை பெட்டி மாதிரி இருக்கு? இதுலயா சத்தம் வரும்?”

“வரும். இனிமே நீங்க தூக்க வேணாம்.”

“அப்ப எனக்கு வேல போச்சு” என்று சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் முகம் தொங்கிப்போனது. அதை நான் கவனித்தேன், ஆனால் பெட்டியை நோண்டுகிற அவசரத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கம்பெனிக்காரர்கள் முன்கூட்டியே செய்து உள்ளே வைத்திருந்த ஒலிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பிரீசெட் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் எரிமலை, பனிக்கோட்டை என்கிற மாதிரி பயங்கரமான பெயர்கள். வாசித்தால் எல்லாமே குகைக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல எதிரொலி. அறைக்குள் தனியாக இருக்கிறவன் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளச் செய்த ஒலிகள். ட்ரம்ஸும் கீபோர்டும் பாடகரும் சேரும் இடத்தில் இவை கரைந்து காணாமல் போய்விடும். நடுவில் ஒன்றிரண்டு பிடித்திருந்தன. மறுநாள் அவற்றைத் தேடினால் எது எங்கே என்று தெரியவில்லை. இணையத்தில் ஆளாளுக்கு இலவசமாகப் போட்டிருந்த ஒலிகளையும் இறக்கிச் சேர்த்தேன். பீரோ நிறையச் சேலை இருந்தும் கட்டிக்கொள்ள ஒன்றும் தேறாத கதைதான்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தது. எல்லாவற்றையும் அழித்தேன். அழித்த பிறகுதான் புத்தி வந்தது. எங்கள் பழைய ஆம்பைப் போல ஒலிக்கும் ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்தேன், அதற்கு ஏற்ற ஒரு ஸ்பீக்கர், துளி எதிரொலி, அவ்வளவுதான். அதிலிருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஒலி செய்தேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு சோபாவில் ஒரு மூலையில் நான், மறுமூலையில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டு அவர். காதுக்குள் தேன் ஓடியது. குழுத் தலைவர் வாட்சப்பில் அனுப்பிய பாட்டு வரிசைப்படியே ஒலிகளையும் முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு என்று அடுக்கினேன். ஒரு பாட்டு முடிந்ததும் ஒரு சுவிட்சை மிதித்தால் அடுத்த பாட்டின் ஒலி வந்துவிடும். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

பெட்டியோடு போன முதல் டின்னர் செமினியில். கிளம்பும்போது அவர் கைலியோடு உட்கார்ந்திருந்தார்.

“நீங்க வரலியா?”

“நான் எதுக்கு? தூக்க ஒண்ணும் இல்லியே. நீ காடி ஓட்டிக்கிட்டுப் போயிட்டு வந்திடு லா.”

தனியாகப் போனேன். கல்யாண டின்னரில் எதுவும் எழுதி வைத்த வரிசைப்படி நடக்காது என்று எனக்குத் தெரியாதா? எத்தனை வருடமாக வாசிக்கிறேன்! ஆனாலும் அந்த வரிசையை நம்பித்தான் பெட்டியை அடுக்கியிருந்தேன். தலைமை விருந்தினராக வரவேண்டிய, டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஜாமில் மாட்டிக்கொண்டார். அவர் வராமல் கேக் வெட்டமுடியாது. நேரத்தை ஓட்ட, மாப்பிள்ளையின் தாய்மாமா மைக்கைப் பிடித்தார். பட்டியலில் இல்லாத பாட்டு, யாருக்கும் பிடிபடாத சுருதி. தலைவர் கீபோர்டில் துழாவிக்கொண்டிருக்க, நான் பொருத்தமான ஒலியைத் தேடிச் சுவிட்சை மிதித்துக்கொண்டே போனேன். மாமா முடிப்பதற்குள் நிகழ்ச்சியை நடத்தும் எம்சி திடீரென்று, “பொண்ணும் மாப்பிள்ளையும் வராங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க!” என்றார். பதறிப்போய் ஒன்றை மிதித்து வாசித்தேன். கடைசியில் வரும் குத்துப் பாட்டுக்காகச் செய்து வைத்த ஒலி அது. மணப்பெண் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வரும்போது மண்டபத்தில் மரம் அறுக்கிற சத்தம் கேட்டது. பெண்ணின் அம்மா மேடையைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வரிசை மட்டும் பிரச்சினை இல்லை. ஹெட்போனில் தேனாக இருந்தது மண்டபத்தில் கொசுவாக இருந்தது. ஒரு ஒலி சத்தமாகவும் அடுத்தது முணுமுணுப்பாகவும் கேட்டது. தனி வாசிப்பு வரும் இடத்தில் நான் விரல் தேய வாசித்தும் ட்ரம்ஸ்தான் கேட்டது. நிமிர்ந்து மண்டபத்தின் கடைசியைப் பார்த்தேன். அங்கே காதைக் கிள்ளவோ வயிற்றைத் தட்டவோ யாரும் இல்லை. அழுகையே வந்துவிட்டது.

சாமான்களைக் கட்டும்போது தலைவர் பக்கத்தில் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், தன்மையானவர். அதனால் அவர் சொன்னது இன்னும் வலித்தது.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அடுத்த வாரம் கிளாங். பெரிய டின்னர். பழைய ஆம்பையே கொண்டாந்துருங்க. அண்ணனுக்கு முதுகு முடியாதுதான், எப்படியாச்சும் ஏற்பாடு பண்ணுங்க.”

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் கணவர் அனுதாபமாகத்தான் கேட்டார். ஆம்ப் என்ற சொல் வந்ததும் முகத்தில் விளக்குப் போட்டது போலாயிற்று.

“அதுக்கென்ன, நான் தூக்குறேன். பெல்ட் கட்டிக்கிட்டா ஒண்ணும் ஆகாது.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“டாக்டர் ஆயிரம் சொல்வாரு.”

இந்த மனிதரின் கால் மரத்துப்போய் அவர் படுத்த படுக்கையானால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன். கிளாங் டின்னருக்குள் பெட்டியைச் சரிசெய்தே ஆகவேண்டும். இல்லையென்றால் நான் என்ன கத்தினாலும் இவர் தூக்குவார்.

வீட்டில் உட்கார்ந்து ஹெட்போனில் சரிசெய்வதில்தான் தப்பு என்று புரிந்தது. பெரிய இடம் வேண்டும், சத்தமாக வாசிக்க வேண்டும், தூரத்தில் ஒரு காது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக் கலைந்ததும், எங்கள் சபையின் பாஸ்டரிடம் கேட்டுக் கூடத்தை வாங்கினேன். அங்கே ஒலிகளைக் கலந்து கொடுக்கும் மிக்ஸரும் ஒலிபெருக்கிகளும் இருந்தன.

“வாங்க, வந்து பின்னால உக்காருங்க” என்றேன்.

“எனக்கு என்ன தெரியும் இந்த டப்பாவப் பத்தி?”

“டப்பாவப் பத்தி ஒங்கள யாரு கேட்டா? ஒங்க காதத்தான் கேக்குறேன்.”

முனகிக்கொண்டே போய்க் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாசித்தேன். உடனே காதைக் கிள்ளினார். கீச்சுத் தொனியைக் குறைத்தேன். மறுபடி கிள்ளினார். இன்னும் குறைத்தேன். வயிற்றைத் தட்டினார், அடித்தொனியோடு நடுத்தொனியையும் கூட்டினேன். ஹெட்போனில் கேட்டிருந்தால் அசிங்கம் என்று நானே ஒதுக்கியிருப்பேன், அப்படி ஒரு ஒலி. அந்தக் கூடத்தில் அது முழுசாக, எங்கள் பழைய ஆம்பின் தங்கச்சி மாதிரி நின்றது. எதிரொலியைப் பாதியாக வெட்டினேன், கூடமே போதுமான எதிரொலியைத் தந்தது. ஓர் ஒலியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் அவர் உள்ளங்கை மேலேயும் கீழேயும் போய்வந்தது. அந்தக் கையைப் பார்த்துத்தான் எல்லாவற்றின் சத்தத்தையும் சமமாக்கினேன். தனி வாசிப்புக்கான ஒலி மட்டும் ஒரு பிடி தூக்கலாக.

அடுத்தது வரிசை. மேடைப் படியில் உட்கார்ந்து, பாட்டுக்கு ஓர் ஒலி என்று வைத்தால் பாட்டு மாறும்போதெல்லாம் தொலைந்துபோகிறேன் என்று புலம்பினேன்.

“பாட்டு மாறும். டின்னர் மாறுமா?” என்றார். “யாராச்சும் உள்ள வருவாங்க. அப்புறம் சாப்பிடுவாங்க. எவனாச்சும் ஒரு மாமா பாடுவான். கடைசியில எல்லாம் ஆடும். அவ்வளவுதானே லா?”

பெட்டியில் நான்கு சுவிட்சுகள். நான் எழுந்தே நின்றுவிட்டேன். பாட்டு வாரியாக வைத்திருந்ததை எல்லாம் கலைத்தேன். முதல் சுவிட்சில் பெண்ணும் மாப்பிள்ளையும், டத்தோவும், கேக்கும் வரும்போது வாசிக்கத் தெளிவான, பளிச்சென்ற ஒலி. இரண்டாவதில் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசும்போது வாசிக்க மெத்தென்ற ஒலி. நான்காவதில் ஆட்டத்துக்கு முரட்டு ஒலி. தனி வாசிப்பு வந்தால், எந்தச் சுவிட்சில் இருக்கிறேனோ அதையே இன்னொரு முறை மிதித்தால் தூக்கிக் கொடுக்கிற மாதிரி அமைத்தேன். மூன்றாவதுதான் என் கணவரின் செல்லம். யார் எந்தச் சுருதியில் பாடினாலும் முட்டாமல், பின்னால் பஞ்சு மூட்டை போல நிற்கிற ஒலி. பெயர்களையும் அவரே வைத்தார். திரையில் தமிழ் வராது என்பதால் ஆங்கில எழுத்தில் ஏற்றினேன்: வாங்க, சாப்பிடுங்க, மாமா, ஆட்டம். எரிமலையும் பனிக்கோட்டையும் போன இடம் தெரியவில்லை.

கடைசியாக நான்கையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் கிளாங் டின்னர் இருந்த சனிக்கிழமை நான் குளித்துவிட்டு வெளியே வந்தால், ஆம்ப் உறை மாட்டி வாசற்கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இவர் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டிருக்கிறார்.

“என்னங்க இது?”

“ஒரு வேள டப்பா செத்துப்போச்சுன்னா? ஸ்பேரா இருக்கட்டும்.”

“ஒங்க முதுகுக்கு ஸ்பேர் இருக்கா?”

பெல்ட்டை இன்னும் ஓர் இழுப்பு இறுக்கினார். நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். “ஒங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்கு கிட்டாரும் வேணாம், குரூப்பும் வேணாம். சத்தியமா சொல்றேன்” என்றேன்.

அவர் ஆம்பின் உறையைத் தடவிச் சரிசெய்தார். பிறகு மெதுவாக, “கைய வீசிக்கிட்டு வந்து நின்னா நல்லாவா இருக்கும்?” என்றார். “எல்லாரும் ஏதாச்சும் தூக்கிக்கிட்டு உள்ள போவாங்க. நான் சோறு திங்க வந்தவன் மாதிரி.”

இதற்காகவா என்று சிரிக்கத் தோன்றியது. சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“இதத் தூக்குங்க. எங்க வைக்கணுமோ நீங்களே வைங்க. கீழ போட்டீங்க, தொலைச்சுருவேன்.”

பெல்ட்டைக் கழற்றினார். பெட்டியை இரண்டு கையிலும் சீர்த்தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு முன்னால் படியிறங்கினார். பின்னால் கிட்டாரோடு நான். கீழ்வீட்டு ஆன்டி கதவைத் திறந்தார், பெட்டியைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார்.

கிளாங் மண்டபத்தில் மேடையின் ஓரத்தில் ஒரு பெரிய பூத்தாங்கி. அதற்குப் பின்னால் எனக்கு இடம். என் கணவர் குனியாமல் மண்டியிட்டு உட்கார்ந்து பெட்டியை என் காலடியில் வைத்து வயர்களை மிக்ஸருக்குக் கொடுத்தார். தலைவர் தாமதமாக ஓடி வந்து கீபோர்டை விரித்தார். ஆம்ப் கொண்டுவரச் சொல்லி அவர் மறுபடி வாட்சப்பில் போட்டிருந்த செய்திக்கு நான் வெறும் ‘சரி’ என்று பதில் போட்டிருந்தேன். அவர் என் பக்கம் எட்டிப் பார்க்கவும் இல்லை, நான் எதுவும் சொல்லவும் இல்லை.

இங்கேயும் வரிசை உடைந்தது. மாப்பிள்ளை வீட்டார் வர நேரமானதால் சாப்பாட்டை முதலில் திறந்துவிட்டார்கள். ‘சாப்பிடுங்க’வை மிதித்தேன். அது முடிவதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார், ‘வாங்க’. பெண்ணின் பெரியப்பா மைக்கைக் கேட்டார், ‘மாமா’. அவர் பாட்டின் பாதியில் சுருதியை விட்டு இறங்கியபோதுகூட கிட்டார் அவரைத் தாங்கிக்கொண்டது. மண்டபத்தின் கடைசியைப் பார்த்தேன். பாயசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்ற என் கணவர் வயிற்றை ஒரு முறை தட்டினார். ஒரு குமிழைத் திருகினேன். அவர் திரும்பிக்கொண்டு தட்டை எடுத்தார். அதன் பிறகு ‘ஆட்டம்’ முடியும் வரை அவர் முதுகுதான் தெரிந்தது. நான் வாசித்தேன், ஆசை தீர வாசித்தேன்.

முடிந்ததும் தலைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே எங்களிடம் வந்தார். “பாத்தீங்களாக்கா? இதத்தான் சொன்னேன். என்ன இருந்தாலும் பழைய ஆம்பு பழைய ஆம்புதான்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பக்கம் திரும்பினார். அவருக்கு முதுகு சரியில்லாதது குழுவில் எல்லோருக்கும் தெரியும். “அண்ணே, நீங்க தூக்காதீங்க. ட்ரம்ஸ் தம்பிய வரச் சொல்றேன், ஆம்ப காடியில ஏத்திக் குடுத்துருவான்.”

என் கணவர் பூத்தாங்கிக்குப் பின்னால் மண்டியிட்டு, வயரைக் கழற்றி, பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“வேணாம் தம்பி” என்றார். “நானே தூக்கிக்கிறேன்.”